பாஸ்வேர்டே தராம கமாண்ட் லைன்ல லாகின் ஆகுறது எப்படி?

பாத்த படம், பாதியில விட்ட சீரியல் எல்லாத்துக்கும் கணக்கு வச்சிக்க ட்ராக்ட் மாதிரி சர்வீஸ் யூஸ் பண்றீங்கன்னா ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். டிவிக்குப் பின்னாடி ஒட்டி வச்ச ராஸ்பெரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (புரோகிராம்) ஓடுது, நீங்க பாக்குறத அதுவே அக்கவுண்டுல ஏத்தணும், ஆனா அதுல பிரவுசரும் கிடையாது கீபோர்டும் கிடையாது, லேப்டாப்லேர்ந்து எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்தே கமாண்ட் அடிக்கிற வழி) வழியா உள்ள போனா வெறும் கறுப்பு ஸ்கிரீன் தான். லாகின் எப்படி?

கமாண்டோடவே பாஸ்வேர்டையும் சேத்து அடிச்சிடலாமேன்னு தோணும். தயவுசெஞ்சு வேண்டாம். அடிக்கிற கமாண்ட ஷெல் (கமாண்ட வாங்கி ஓட்டுற புரோகிராம்) ஹிஸ்டரி ஃபைல்ல எழுதி வச்சிடும், அது போதாதுன்னு கமாண்ட் ஓடிட்டு இருக்கும்போது அதே மிஷின்ல வேற யாராவது பிராசஸ் லிஸ்ட்ட எடுத்துப் பாத்தா பாஸ்வேர்டு பளிச்சுன்னு தெரியும்.

இதுக்கு வழி தான் டிவைஸ் கோட். பாஸ்வேர்ட குடுக்காமலே ஒரு ஆப்புக்கு அனுமதி தர்ற ஓஆத் 2.0ங்கிற முறை வந்தது 2012ல, அதுல சேர்ற இந்த டிவைஸ் கோட் முறை ஆர்எஃப்சி 8628ங்கிற (ஆர்எஃப்சின்னா இணைய விதிமுறை ஆவணம்) பேர்ல ஸ்டாண்டர்டு ஆனது 2019 ஆகஸ்ட்ல. ஸ்கிரிப்ட் முதல்ல சர்வர்கிட்ட "என்னை ஒரு அக்கவுண்டோட சேத்து விடு"ன்னு கேக்கும், சர்வர் ரெண்டு கோட் தரும். ஒண்ணு குட்டி, 8 எழுத்து, மனுஷங்களுக்கு. இன்னொண்ணு ரொம்ப நீளம், அது ஸ்கிரீன்லயே வராது, ஸ்கிரிப்டோட மெமரியிலேயே இருக்கும். நீங்க போன எடுத்து, ஏற்கனவே லாகின் ஆகியிருக்கிற பிரவுசர்ல ஆக்டிவேட் பக்கத்துக்குப் போய் அந்த 8 எழுத்த அடிச்சு 'சரி' குடுக்கணும், அவ்வளவு தான் உங்க வேல.

அதுவரைக்கும் ஸ்கிரிப்ட் சும்மா இருக்காது. ட்ராக்ட்ல 5 செகண்டுக்கு ஒரு தடவ நீளமான கோட காட்டி "ஆச்சா? ஆச்சா?"ன்னு கேட்டுட்டே இருக்கும். இன்னும் ஆகலன்னா சர்வர்கிட்டேர்ந்து 400ங்கிற ஸ்டேட்டஸ் நம்பர் பதிலா வரும், அவசரப்பட்டு அடிக்கடி கேட்டா 429, டைம் முடிஞ்சு போச்சுன்னா 410, நீங்க 'வேண்டாம்' குடுத்தா 418. இந்த 418 எனக்கு ரொம்பப் பிடிச்ச நம்பர், 1998 ஏப்ரல் 1ஆம் தேதி காபி போடுற மிஷினுக்குன்னு விளையாட்டா எழுதின ஆர்எஃப்சில "நான் டீ கெட்டில்"னு சொல்ல வச்சது, இங்க நிஜமாவே வேல பாக்குது. 200 வந்தா கையில டோக்கன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலா ஸ்கிரிப்ட் காட்டுற சாவி.

ஏன் ரெண்டு கோட்? டோக்கன வாங்க நீளமான கோட் வேணும், அதனால குட்டி கோட பின்னாடி நின்னு யாராவது எட்டிப் பாத்தாலும் உங்க டோக்கன் அவங்க கைக்குப் போகாது. குட்டி கோட்ல உயிரெழுத்தே வேண்டாம், 20 ஆங்கில மெய்யெழுத்து போதும்னு ஸ்டாண்டர்டு யோசனை சொல்லுது, தற்செயலா வார்த்தை எதுவும் அமைஞ்சிடக் கூடாதுன்னு. அதுலயே 2,560 கோடி சேர்க்கை வருது, கோட் காலாவதி ஆகுறதுக்குள்ள ஊகிச்சு கண்டுபிடிக்க முடியாது.

ஓட்டை வேற இடத்துல இருக்கு. திருடன் தன் மிஷின்ல கோட் வாங்கி, ஏதோ மீட்டிங் அழைப்பு மாதிரி உங்களுக்கு அனுப்புவான். நீங்க அடிச்சு 'சரி' குடுத்தா உங்க அக்கவுண்டோட டோக்கன் அவன்கிட்ட. இப்படி நடக்குற தாக்குதல் பத்தி 2025 பிப்ரவரியில மைக்ரோசாஃப்ட்டே எச்சரிச்சாங்க. உங்க கமாண்டுக்கு வந்த கோட் இல்லன்னா தொடவே தொடாதீங்க.

டோக்கன் ரெண்டா வரும், தினசரி வேலைக்கு ஆக்சஸ், அது காலாவதி ஆனா புதுசு வாங்க ரிஃப்ரெஷ். பல சர்வீஸ்ல ரிஃப்ரெஷ் டோக்கன் ஒரு தடவ தான் செல்லும், அதனால ஒரே டோக்கன ரெண்டு ஸ்கிரிப்டுக்கு காப்பி பண்ணி வச்சா முதல்ல புதுப்பிச்சது பொழச்சிக்கும், மத்தது வெளிய நிக்கும். பெரும்பாலும் இதெல்லாம் சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல தான் கிடக்கும், சிமோட் 600 (ஃபைல யார் படிக்கலாம்னு மாத்துற கமாண்ட்) போட்டுடுங்க, உங்களயும் மிஷினோட அட்மினான ரூட்டயும் தவிர வேற யாரும் படிக்க முடியாது.

அந்த ஃபைல அழிச்சா லாகவுட் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க, சர்வர்ல டோக்கன் உயிரோட தான் இருக்கும், ரீவோக் பண்ணணும், அதாவது சர்வர்லயே செல்லாம ஆக்கணும். நான் ஒரு தடவ அந்த ஃபைல தெரியாம யாரும் பாக்கக்கூடிய பப்ளிக் ரெப்போவுக்கு (கிட்ல புரோகிராம் ஃபைல்கள சேத்து வைக்கிற இடம்) புஷ் பண்ணிட்டேன், அடுத்த கமிட்ல எடுத்தும், பழைய மாத்தம் எல்லாத்தையும் வச்சிருக்கிற கிட் ஹிஸ்டரியில அப்படியே நிக்குது. ரீவோக் பண்ணி, புதுசா 8 எழுத்து வாங்கி போன்ல அடிச்சேன், ரெண்டு நிமிஷ வேல, பாஸ்வேர்ட மாத்த வேண்டிய தேவையே வரல.