27 மில்லிகிராம் கணக்கு: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இசியூ தேர்ந்தெடுப்பது எப்படி?

1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் இருந்தது 1600 சிசி இன்ஜின். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் 400 சிசி. பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்கும்போது அந்த இடத்தில் 85 சதவீதம் காற்று நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் எடை சுமார் 0.4 கிராம். ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். வகுத்துப் பார்த்தால் 27 மில்லிகிராம் வருகிறது. இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் ஓடினால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு 50 தடவை இந்த 27 மில்லிகிராமை அளந்து ஊற்ற வேண்டும். அதைச் செய்வதுதான் இசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்.

காரை மாடிஃபை செய்யும்போது மாறுவது இந்த எண்தான். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைப் பெரிதாகப் போட்டாலும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ மாட்டினாலும், சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை மாறிவிடுகிறது. கம்பெனியில் போட்டுக் கொடுத்த கணக்கு இனி பொருந்தாது. அதனால் புது இசியூ வாங்கக் கிளம்புகிறோம். விளம்பரத்தில் லாஞ்ச் கன்ட்ரோல், வண்ணத் திரை என்று நிறைய இருக்கும். நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியப்போகிறது?

அந்த எம்எக்ஸ்-5-இல் காற்று வரும் வழியில் ஸ்பிரிங் போட்ட ஒரு மடல் இருக்கும். காற்று அதைத் தள்ளும்; எவ்வளவு திறக்கிறதோ அதற்கேற்ப வோல்டேஜ் மாறும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மடல் ஒரு கட்டத்தில் முழுசாகத் திறந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் சிக்னல் ஒன்றுதான். டர்போ மாட்டியவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னொரு வழி, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தையும் காற்றின் வெப்பநிலையையும் அளப்பது. இரண்டும் தெரிந்தால் காற்றின் அடர்த்தி தெரியும். சிலிண்டர் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்ற அட்டவணையும் இருந்தால் எடை வந்துவிடும். இது புதிய யோசனை இல்லை. 1967-இல் ஜெர்மன் கம்பெனி பாஷ் கொண்டுவந்த டி-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பு மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துத்தான் வேலை செய்தது. இன்றைய தனி இசியூக்களில் பெரும்பாலானவை இதே வழியில் போகின்றன. டர்போ போடுவதென்றால் எனக்கும் இதுதான் பிடிக்கும், காற்று வரும் வழியில் குறுக்கே எதுவும் நிற்காது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் (பெடலுக்கேற்பக் காற்று வழியைத் திறக்கும் தட்டு) வைத்த இன்ஜினில் இது தடுமாறும். பெடலைக் கொஞ்சம் அழுத்தியதுமே மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றின் அளவுக்கு வந்துவிடும். அப்புறம் பெடலை எவ்வளவு மிதித்தாலும் சென்சாருக்கு வித்தியாசமே தெரியாது. அங்கே த்ராட்டிலின் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். தனி த்ராட்டிலோடு டர்போவும் சேர்ந்தால் இரண்டு வழிகளையும் கலக்கத் தெரிந்த இசியூ தேவை. வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். எல்லாப் பெட்டியிலும் இந்த வசதி கிடையாது.

அடுத்தது நேரம். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு டிகிரி திரும்ப 28 மைக்ரோவிநாடிதான் ஆகிறது. ஸ்பார்க் இரண்டு மூன்று டிகிரி முந்தினாலே, டர்போ அழுத்தத்தில் இருக்கும் இன்ஜினில் நாக்கிங் (கலவை தானாக வெடிப்பது) வந்து பிஸ்டன் அடிவாங்கலாம். பழைய கார்கள் பலவற்றில் கிராங்க் எங்கே இருக்கிறது என்ற தகவல் ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரிலிருந்து வரும். நடுவில் பல்சக்கரமோ பெல்ட்டோ இருப்பதால் தளர்ச்சி இருக்கும், ஸ்பார்க் ஆடும். அதனால் கிராங்கிலேயே ஒரு பல்சக்கரத்தை மாட்டுவது நல்லது. ஃபோர்டு கார்களில் வந்த 36-1 சக்கரத்தில் 10 டிகிரிக்கு ஒரு பல், ஒன்று மட்டும் இருக்காது. பாஷ் பழக்கத்தில் வந்த 60-2-இல் 6 டிகிரிக்கு ஒன்று, இரண்டு இருக்காது. அந்த இடைவெளி வரும்போது இசியூ தன் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்கிறது. நீங்கள் வாங்கும் பெட்டி உங்கள் சக்கரத்தைப் படிக்குமா என்று பார்ப்பது, அதில் எத்தனை மேப் (பெட்ரோல், ஸ்பார்க் அட்டவணை) இருக்கிறது என்று பார்ப்பதைவிட முக்கியம்.

இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு இன்ஜின் நன்றாக ஸ்டார்ட் ஆனது, ஐடிலும் ஒழுங்கு. 4000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் மட்டும் வெட்டும். பெட்ரோல் பம்ப், காயில், பிளக் எல்லாம் மாற்றியாயிற்று. கடைசியில் இசியூ பதிவு செய்த லாகை விரித்துப் பார்த்தபோது, வெட்டும் ஒவ்வொரு தடவையும் இசியூ பல் கணக்கைத் தவறவிட்டிருந்தது தெரிந்தது. கிராங்க் சென்சாரின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருந்தன. காந்த சென்சாரின் சிக்னல் பல் நெருங்கும்போது மெல்ல ஏறி, பல்லின் நடுவில் சட்டென்று விழும். அந்தச் சட்டென்ற இறக்கத்தைத்தான் இசியூ பிடிக்க வேண்டும். வயர் மாறினால் அது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள மந்தமான பகுதியைப் பிடிக்கிறது. பல் இல்லாத இடத்தில் அது இன்னும் குழம்புகிறது. வயரை மாற்றிச் செருக இரண்டு நிமிடம் ஆனது. தேட இரண்டு வாரம் ஆனது. சென்சாரின் அலையை வரைந்து காட்டும் வசதி இருக்கும் இசியூவுக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம் என்று அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

இனி பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். நிமிடத்துக்கு 200 சிசி ஊற்றும் இன்ஜெக்டர் 27 மில்லிகிராமை ஊற்ற சுமார் 11 மில்லிவிநாடி எடுக்கும். திறப்பதற்கே இன்னும் ஒன்று. 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது கிராங்கின் இரண்டு சுற்றுக்கு, இருக்கும் நேரம் 20 மில்லிவிநாடி, ஆக இடம் இருக்கிறது. இப்போது டர்போ வெளிக்காற்றுக்கு மேல் 0.7 பார் அழுத்தம் கொடுக்கட்டும். காற்று சுமாராக 1.7 மடங்கு. சூட்டைக் கட்டுப்படுத்த 14.7-க்குப் பதில் 12-க்குப் பக்கத்தில் கலவையை வைக்க வேண்டும். கணக்குப் போட்டால் 23 மில்லிவிநாடி வருகிறது. இருப்பது 20. இன்ஜெக்டரைப் பெரிதாக்கியே ஆக வேண்டும். பெரிதாக்கினால் ஐடிலில் அது திறந்திருக்கும் நேரம் மிகச் சிறிதாகி, திறப்பதற்கு வீணாகும் அந்த ஒரு மில்லிவிநாடி பெரிய பங்காகிவிடும். பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் அது இன்னும் நீளும். ஹெட்லைட் போட்டால் ஐடில் தடுமாறும் கார்களில் பலவற்றுக்குக் காரணம், எந்த வோல்டேஜில் திறக்க எவ்வளவு நேரம் என்று இசியூவில் இருக்கும் அட்டவணை தப்பாக இருப்பதுதான். இன்னொன்றும் பாருங்கள்: பழைய டர்போ கார்களில் சிலவற்றின் இன்ஜெக்டர் ரெசிஸ்டன்ஸ் 2, 3 ஓம்தான். 12 ஓமுக்குச் செய்த இசியூவில் நேராக இணைத்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும்.

பழைய இசியூவை அப்படியே விட்டு, அதன் சிக்னலைத் திருத்தும் சின்னப் பெட்டி ஒன்றைக் குறுக்கே வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். செலவு குறைவு, ஸ்டார்டிங், ஐடில் எல்லாம் கம்பெனி ஒழுங்கில் இருக்கும். ஆனால் பெரிய இன்ஜெக்டர் போட்டுவிட்டு, பெட்ரோல் அதிகமாகாமல் இருக்க "காற்று குறைவாகத்தான் வருகிறது" என்று பழைய இசியூவிடம் சொல்கிறோம். அது அதே எண்ணை வைத்துத்தான் ஸ்பார்க்கையும் தீர்மானிக்கிறது. காற்று குறைவு என்றால் இன்ஜினுக்குச் சுமை குறைவு என்று நினைத்து ஸ்பார்க்கை முன்னால் தள்ளிவிடும். டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது இப்படி நடப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்பார்க்கையும் தானே பின்னுக்கு இழுக்கும் பெட்டிகள் உண்டு. அது இல்லாததைத் தொடாதீர்கள்.

பழையதை எடுத்துவிட்டு முழு இசியூ என்று முடிவானால், அகல அளவு (வைட்பேண்ட்) ஆக்ஸிஜன் சென்சாரும் கூடவே வாங்குங்கள். பழைய சென்சார் கலவை 14.7-க்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும். முழு த்ராட்டிலில் நமக்கு 12.8-ஆ 11.8-ஆ என்று எண் வேண்டும். அது இல்லாமல் மேப்பில் 16-க்கு 16 என்று 256 கட்டங்களை நிரப்புவது இருட்டில் தடவுகிற வேலை.

எந்தப் பிராண்டு? மோடெக், ஹால்டெக், லிங்க் எல்லாம் நல்ல பெட்டிகள். கையால் சால்டர் செய்து கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு 2001-இல் தொடங்கிய மெகாஸ்குவர்ட் இருக்கிறது, ஆர்டுவினோவை வைத்து உருவான ஸ்பீடுயினோவும் இருக்கிறது. ஆனால் உங்கள் காரை ட்யூன் செய்யப்போகிறவர் எதில் பழகியிருக்கிறாரோ, அதற்கே என் ஓட்டு. பழகாத சாஃப்ட்வேரில் திணறும் நல்ல ட்யூனரைவிட, சுமாரான பெட்டியைக் கரைத்துக் குடித்தவர் காரை ஒழுங்காக ஓட வைப்பார்.

அவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: இதே இன்ஜினுக்கு, இதே இன்ஜெக்டருக்கு ஏற்கெனவே செய்த தொடக்க மேப் இருக்கிறதா? காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் டைனோவில் முழு த்ராட்டில் மேப்பை ஒரே நாளில் முடித்துவிடலாம், இன்ஜின் சூடாகவே இருக்கும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் அட்டவணையை அப்படித் திருத்த முடியாது. சாவியைத் திருப்பி, இருமுகிறதா என்று பார்த்து, ஒரு எண்ணை மாற்றியதும் இன்ஜின் சூடாகிவிடும். மறுபடி சோதிக்க அது முழுசாக ஆற வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு காலை, ஒரே ஒரு முயற்சி.