பழைய பீட்டில் எஞ்சினின் வயதைக் கண்டறிவது எப்படி?

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பின்புறத்தில் உள்ள எஞ்சினுக்கு ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் தேவையில்லை. பக்கத்துக்கு இரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்களின் மேல், ஜெனரேட்டரின் தண்டில் பூட்டப்பட்ட விசிறி, தகரக் கூடு ஒன்றின் வழியாகக் காற்றைச் செலுத்துகிறது. மெக்சிக்கோவின் புவெப்லா ஆலையில் 2003-இல் கடைசி பீட்டில் வெளிவரும் வரை இந்த அடிப்படை அமைப்பு மாறவேயில்லை. அதனாலேயே ஓர் ஆண்டின் உறுப்பு இன்னோர் ஆண்டின் எஞ்சினில் பல நேரங்களில் பொருந்திவிடுகிறது. பலமுறை பிரித்துப் பூட்டிய எஞ்சினுக்கு ஒரே வயதைச் சொல்வதும் கடினமாகிவிடுகிறது.

தேடலைத் தொடங்க வேண்டிய இடம் ஜெனரேட்டரைத் தாங்கும் பீடத்தின் அடிப்பகுதி. அங்கே படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் துடைத்தால், எஞ்சினின் முதன்மை உடலான கிராங்க்கேஸில் குத்தப்பட்ட எஞ்சின் எண் தெரியும். 1965 ஆகஸ்ட் முதல் அந்த எண்ணுக்கு முன்னால் எழுத்தும் சேர்ந்தது: கனசென்டிமீட்டர் கொள்ளளவை ஒட்டிப் பெயரிடப்பட்ட எஞ்சின்களில் 1200-க்கு D, 1300-க்கு F, அடுத்த ஆண்டு வந்த 1500-க்கு H. இரட்டை எழுத்துகளான AD, AE ஆகியவை 1970 ஆகஸ்டில் தொடங்கிய 1600 எஞ்சின்களுக்கு உரியவை. கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்டில்தான் புதிய மாடல் தொடங்கும் என்பதால், 1970-இன் இறுதியில் பிறந்த எஞ்சினை 1971 மாடல் என்பார்கள்.

ஆனால் இந்த எண் கிராங்க்கேஸின் பிறப்பை மட்டுமே சொல்லும். எண் குத்தப்பட்ட பரப்பு அரத்தால் தேய்க்கப்பட்டதுபோல் தெரிந்தாலோ, எழுத்துகள் வரிசை பிசகி நின்றாலோ அதையும் நம்ப முடியாது. அப்போது வார்ப்பின் வடிவத்தைத்தான் நம்ப வேண்டும். ஜெனரேட்டர் பீடம் கிராங்க்கேஸோடு ஒரே வார்ப்பாக இருந்தால் அது பழைய 25 அல்லது 30 குதிரைத்திறன் எஞ்சின். பீட்டிலில் 1960 ஆகஸ்டில் 34 குதிரைத்திறன் எஞ்சின் வந்தபோது பீடம் தனியாகி, போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. அடிப்பக்கத்தில் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகளுக்கு இரண்டு பெரிய மூடிகள் இருந்தால், அந்த வார்ப்பு 1970 மாடலுக்கு முந்தையதாக இருக்க வழியில்லை. AS41 என்று வார்க்கப்பட்டிருந்தால், அது மக்னீசியத்தோடு ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியமும் 1 விழுக்காடு சிலிக்கானும் கலந்த, பிற்கால உலோகக் கலவையைக் குறிக்கும்.

இவற்றைவிட எளிதில் கண்ணுக்குத் தெரிவது விசிறிக்கூட்டின் வடிவம். பழைய அமைப்பில் ஆயில் கூலர் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு நேர் மேலே நின்றது. அதைக் கடந்து சூடேறிய காற்றே அந்தச் சிலிண்டருக்குக் கிடைத்ததால், மற்ற மூன்றையும்விட அது அதிகம் வெந்தது. வால்வு கருகிய எஞ்சினில் மெக்கானிக் முதலில் மூன்றாம் சிலிண்டரைச் சந்தேகித்ததற்கு இதுவே காரணம். 1971 மாடலில் கூலரைத் தனி அறைக்கு நகர்த்தி, அதன் வெப்பக் காற்றைத் தனி வழியில் வெளியேற்றினார்கள். கூட்டிலிருந்து அந்த அறை புடைத்து நிற்பதைக் கார் மூடியைத் திறந்ததுமே காணலாம். அதே மாடலில் 1600-இன் சிலிண்டர் தலை ஒவ்வொன்றிலும் காற்று நுழையும் துளைகள் ஒன்றிலிருந்து இரண்டாயின. ஆனால் கூடு, சிலிண்டர் தலை இரண்டையுமே பழைய எஞ்சினில் மாற்றிப் பூட்டுவது வழக்கம். எனவே இவை துணைச் சான்றுகள் மட்டுமே.

எஞ்சினின் கொள்ளளவைத் தலையைக் கழற்றி அளந்தே உறுதி செய்ய முடியும். 1200-க்கும் 1300-க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 77 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் மட்டும் 64-இலிருந்து 69 மில்லிமீட்டராகக் கூடியதால் 1,192 கனசென்டிமீட்டர் 1,285 ஆனது. 1500-க்கு விட்டம் 83, 1600-க்கு 85.5, இரண்டிலும் நகரும் தூரம் அதே 69 மில்லிமீட்டர். இவற்றின் சிலிண்டர்கள் ஒரே கிராங்க்கேஸில் பொருந்தும் என்பதால், H எண் கொண்ட எஞ்சினில் 85.5 அளவு தென்பட்டால், அது 1500-ஆகப் பிறந்து பின்னர் 1,584 கனசென்டிமீட்டராக மாற்றப்பட்ட எஞ்சின். பிஸ்டனும் வளையமும் வாங்கும்போது கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது இந்த விட்டத்தைத்தான்.