சாட்டிலைட் இணையம் திணறுகிறதா? புது ரவுட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

வீடுகளுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பதும் கோளாறு பார்ப்பதும் என் தொழில். சாட்டிலைட் இணையம் வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிடும்போது, பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். "சாட்டிலைட் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று சிலர் விட்டுவிடுவார்கள். சிலர் இருப்பதிலேயே விலை கூடிய ரவுட்டரை வாங்கி மாட்டியிருப்பார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். இணையம் உங்கள் கைபேசிக்கு வந்து சேர இரண்டு பாதைகளைக் கடக்கிறது. வானத்திலிருந்து டிஷ் வரைக்கும் ஒன்று, ரவுட்டரிலிருந்து நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறை வரைக்கும் இன்னொன்று. எந்தப் பாதையில் தகராறு என்று தெரியாமல் செலவு செய்தால், சரியாக வேலை செய்துகொண்டிருந்த பாதியைத்தான் பலர் மாற்றுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு லேப்டாப்பும் ஒரு நெட்வொர்க் கேபிளும் போதும். வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்பைக் கேபிள் வழியாக ரவுட்டரில் மாட்டி வேகத்தைப் பாருங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போய் வைஃபையில் பாருங்கள். கேபிளில் நன்றாக ஓடி, அறையில் படுத்துவிட்டால், சாட்டிலைட்டின் மேல் குற்றமே இல்லை. வேலையெல்லாம் வீட்டுக்குள்தான்.

வேகத்தைவிட நான் அதிகம் நம்புவது பிங் சோதனையை. ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று அளப்பதுதான் பிங். வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் விண்டோக்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்குப் பிங் ஓடட்டும். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். இன்னொன்றில் 1.1.1.1 என்ற வெளி முகவரிக்கு ஓடட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டில் எல்லோரும் இணையம் பயன்படுத்தும் நேரத்தில் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ரவுட்டர் விண்டோவில் 2, 3, 2, 4 என்று சின்ன எண்களாக வந்துகொண்டிருக்க வேண்டும். அதிலேயே திடீரென்று 90, 210 என்று எகிறினால் வைஃபை தடுமாறுகிறது. ரவுட்டர் விண்டோ அமைதியாக இருந்து வெளி விண்டோ மட்டும் எகிறினால், வானத்துப் பாதையிலோ, ரவுட்டர் வாசலில் சேரும் நெரிசலிலோ பிரச்சினை. இதற்குப் பிறகுதான் எதை வாங்கலாம், எதை மாற்றலாம் என்ற பேச்சே வர வேண்டும்.

எது மாறும், எது மாறாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். புவிநிலைச் சுற்றுப்பாதையில், அதாவது வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால், கோரிக்கை மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதேபோல் மேலே போய்க் கீழே வர வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் இதற்கே அரை வினாடி ஆகிவிடும். நடுவில் இருக்கும் கருவிகளின் நேரத்தையும் சேர்த்தால் பெரும்பாலும் 600 மில்லி வினாடிக்குக் குறையாது. ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அதனால் பிங் பெரும்பாலும் 25 முதல் 60 மில்லி வினாடி வரை நிற்கும். உங்களுடையது முதல் வகை என்றால், 600-ஐ 60 ஆக்கும் ரவுட்டர் எங்கேயும் கிடையாது. "தாமதத்தைப் பாதியாகக் குறைக்கும்" என்று யாராவது எதையாவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

முதல் வகை வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது, போக வர ஆகும் நடைகளைக் குறைப்பது. ஒரு தளத்தைத் திறக்கும்போது அதன் பெயருக்கு முகவரி தேட ஒரு நடை, இணைப்பை ஏற்படுத்த ஒரு நடை, பூட்டுச் சாவி பரிமாற ஒரு நடை, பக்கத்தைக் கேட்க ஒரு நடை. நடைக்கு 600 மில்லி வினாடி என்றால் முதல் எழுத்து தெரியவே இரண்டு வினாடிக்கு மேல் ஆகிவிடும். முகவரித் தேடலின் விடைகளை ரவுட்டரே நினைவில் வைத்துக்கொள்ளும்படி டிஎன்எஸ் கேஷ் வசதியைப் போட்டுவிட்டால், அடிக்கடி போகும் தளங்களுக்கு ஒரு நடை மிச்சம். பிரவுசரையும் இயங்குதளத்தையும் பழையதாகவே வைத்திருக்காதீர்கள். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3, சாவி பரிமாற்றத்தை இரண்டு நடையிலிருந்து ஒன்றாகக் குறைத்தது. இந்த வகை மோடத்துக்குள் இணைப்பைத் துரிதப்படுத்தும் ஓர் ஏற்பாடும் வழக்கமாக இருக்கும். எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் விபிஎன் போட்டால் உள்ளே போவது என்னவென்று மோடத்துக்குத் தெரியாது, அந்த உதவி நின்றுவிடும். அலுவலக விபிஎன் இல்லாமல் முடியாது என்பவர்கள் அந்த வேலைக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஓடவிட வேண்டாம்.

தாழ்வட்ட இணைப்பில் வேறு விதமான தொல்லை. ஒரு செயற்கைக்கோள் சில நிமிடங்களில் டிஷ்ஷின் பார்வையைக் கடந்து போய்விடும், டிஷ் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அதற்கு ஒரு திசையில் மட்டும் அல்ல, அகலமாகத் திறந்த வானம் தேவை. ஓரத்தில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால், செயற்கைக்கோள் அந்தக் கிளைக்குப் பின்னால் வரும்போதெல்லாம் ஓரிரு வினாடி அறுந்துபோகும். படம் பார்ப்பவருக்கு இது தெரியாது, முன்கூட்டியே இறங்கியது ஓடிக்கொண்டிருக்கும். வீடியோ அழைப்பில் இருப்பவருக்குத்தான் முகம் உறைந்து நிற்கும். அதே வீட்டில் ஒருவர் "நன்றாகத்தானே இருக்கிறது" என்பார், இன்னொருவர் எரிச்சலில் இருப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஸ்டார்லிங்க் செயலியில் வானத்தை வரைந்து, மறைக்கும் இடத்தைச் சிவப்பில் காட்டும் படம் இருக்கிறது. டிஷ் வைத்த அன்று பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். மரம் வளரும், இலை உதிர்ந்த பருவத்தில் தெரிந்த வானம் துளிர்த்ததும் மூடிக்கொள்ளும். டிஷ்ஷைக் கொஞ்சம் உயர்த்துவதாலும் இரண்டு கிளைகளை வெட்டுவதாலும் கிடைக்கும் பலனை எந்தக் கருவியும் தராது.

மழையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இந்த இணைப்புகள் கேயூ, கேஏ அலைவரிசைகளில் ஓடுகின்றன. பலத்த மழை அந்த அலைகளை உறிஞ்சிவிடும், கேஏவில் இன்னும் அதிகமாக. பொறுத்திருப்பதுதான் வழி. ஆனால் மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் சரியாகவில்லை என்றால், கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினால், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இனி வீட்டுக்குள். நான் பார்க்கும் வீடுகளில் முதல் தவறு ரவுட்டர் இருக்கும் இடம். டிஷ்ஷின் கேபிள் கூரையிலிருந்து இறங்கும் மூலையிலேயே, பீரோவுக்குப் பின்னாலோ டிவிக்கு அடியிலோ ரவுட்டரை வைத்துவிடுகிறார்கள். சிக்னலில் பாதி தோட்டத்துக்குப் போகிறது. ரவுட்டரை நடுக்கூடத்துக்கு, ஆள் உயரத்துக்கு நகர்த்துங்கள். முடியாவிட்டால் அங்கிருந்து ஒரு கேட்6 கேபிள் இழுத்து, வீட்டு நடுவில் வைஃபை பரப்பும் ஒரு அக்சஸ் பாயின்ட் வையுங்கள். 100 மீட்டர் வரை அந்தக் கேபிள் தாராளமாகத் தாங்கும். பல பெட்டிகள் சேர்ந்து வைஃபை பரப்பும் மெஷ் வாங்குபவர்கள் இரண்டாவது பெட்டியைச் சிக்னலே வராத அறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதற்கே சிக்னல் கிடைக்காதபோது அது எதைப் பரப்பும்? பாதி வழியில் வையுங்கள். இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களை மாற்றிப் பார்க்கச் சொல்வது வழக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்குப் பலன் உண்டு. சாட்டிலைட் இணைப்பு வாங்குபவர்களில் பலருடைய வீடு தனியாக இருப்பது. சேனலில் மோத அக்கம்பக்கத்து வைஃபையே இருக்காது. அங்கே எதிரி சுவரும் தூரமும்தான். சேனலில் நேரம் செலவழிக்காமல் கேபிள் இழுங்கள். சொந்த ரவுட்டர் வைப்பதாக இருந்தால், நிறுவனம் கொடுத்த ரவுட்டரைப் பைபாஸ் முறைக்கு மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ரவுட்டர் வேலை பார்த்தால் விளையாட்டுகளும் சில அழைப்புச் செயலிகளும் குழம்பும்.

பலரும் கவனிக்காதது அப்லோடு நெரிசல். ஒரு வீட்டில் சாயங்காலமானால் அழைப்புகள் அறுந்துகொண்டே இருந்தன. டிஷ்ஷுக்கு மேலே வானம் துப்புரவாக இருந்தது, டவுன்லோடு வேகமும் பிரமாதம். பிங் விண்டோக்களைத் திறந்தால், ரவுட்டர் பக்கம் 3-இல் நிற்க, வெளிப் பக்கம் 500, 700 என்று ஏறியபடி இருந்தது. கைபேசியில் படங்கள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தன. அதை நிறுத்தியதும் அடுத்த வரியிலேயே எண் 40-க்கு இறங்கியது. சாட்டிலைட் இணைப்பில் அப்லோடு பாதை டவுன்லோடைவிடக் குறுகலானது. குறுகிய சந்தில் லாரி முன்னால் போனால் பின்னால் வரும் சைக்கிளும் காத்திருக்க வேண்டியதுதான். அழைப்பின் சின்னச் சின்னப் பொட்டலங்கள் படங்களின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொள்கின்றன.

இதற்கு மருந்து எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மை. ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் இது உண்டு. அதில் கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு வையுங்கள். நெரிசல் ரவுட்டருக்குள்ளேயே முறைப்படுத்தப்படும், அழைப்புக்கு வழி கிடைக்கும். தாழ்வட்ட இணைப்பின் வேகம் மணிக்கு மணி மாறும். காலையில் அளந்த நல்ல எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால், சாயங்காலம் வரம்பு இருந்தும் பயனில்லை. நெரிசல் நேரத்தில் அளந்த எண்ணையே வையுங்கள். உங்கள் ரவுட்டரில் இந்த வசதி இல்லை என்றால், படங்கள் ஏறுவதையும் கணினி அப்டேட்டையும் நள்ளிரவுக்குத் தள்ளிவிடுங்கள். டேட்டா வரம்பு உள்ளவர்கள் விண்டோஸில் அந்த இணைப்பை அளவுக்குட்பட்டது என்று குறித்துவிட்டால், பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை என்பதும் அடிக்கடி வரும் புகார். ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கில் என்ன எழுதினாலும் பலிக்காது. வீட்டுக்குள்ளிருந்து வெளியே இணைப்பைத் தொடங்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வேலை செய்யும், பாதுகாப்பும் அதிகம். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் ரவுட்டரின் ஃபயர்வால் திறந்து கிடக்கவில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிஷ்ஷையும் ரவுட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் வையுங்கள். மின்சாரம் ஒரு வினாடி போய் வந்தாலும், டிஷ் மறுபடி எழுந்து செயற்கைக்கோளைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். யுபிஎஸ் வாங்கும் முன் கணக்குப் பாருங்கள். தாழ்வட்ட டிஷ் 50 முதல் 100 வாட் வரை இழுக்கும், ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் அதைத் தாங்காது.

இவ்வளவையும் பார்த்து, வானமும் துப்புரவாக, கேபிளில் மாட்டிய லேப்டாப்பிலேயே பிங் அறுந்துகொண்டிருந்தால், நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது "மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். எந்தத் தேதியில், எந்த மணியில், எத்தனை வினாடி அறுந்தது, அப்போது ரவுட்டர் விண்டோவில் என்ன எண் இருந்தது, மழை இருந்ததா என்று எழுதி வையுங்கள். மறைப்புப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். வைஃபையைச் சாக்குச் சொல்ல இடமிருக்காது. டிஷ்ஷை மாற்றிக் கொடுக்கும் பேச்சும் சீக்கிரம் தொடங்கும்.