மாணவர் கவுன்சில்: பேரவையா, மன்றமா, சங்கமா?

போன மாதம் பி.எட். மாணவி ஒருவர் அழைப்பிதழ் மெய்ப்பை, அதாவது பிழை பார்க்கத் தரும் அச்சுப் படியைக் கொண்டுவந்து காட்டினார். திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் அடித்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘மாணவர் கவுன்சிலிங் தொடக்க விழா’ என்று இருந்தது. “நான் கவுன்சில்னுதான் சார் எழுதிக் கொடுத்தேன். அவங்களே திருத்திட்டாங்க” என்றார். அச்சுக் கோத்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல் கவுன்சிலிங். கவுன்சில் அவர் கண்ணுக்குப் பாதியில் நின்ற சொல்லாகத் தெரிந்திருக்கும்.

உண்மையில் இரண்டும் வேறு வேறு வேர்ச்சொற்கள். கவுன்சில் என்பது லத்தீனின் ‘கொன்கிலியும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘கலாரே’ என்றால் கூவி அழைப்பது. எல்லோரையும் அழைத்து ஓரிடத்தில் கூட்டினால் கொன்கிலியும். கவுன்சிலிங்கின் வேர் ‘கொன்சிலியும்’, அதாவது ஆலோசனை. ஒன்று கூட்டம், மற்றொன்று அந்தக் கூட்டத்தில் பேசும் பேச்சு. ஆங்கிலேயர்களே பல நூற்றாண்டுகள் இவற்றைக் குழப்பிக்கொண்டு, பதினாறாம் நூற்றாண்டுவாக்கில்தான் எழுத்தில் பிரித்தார்கள். தமிழில் கவுன்சிலிங்குக்கு நல்ல சொற்கள் அமைந்துவிட்டன. சேர்க்கைக்கு நடப்பது கலந்தாய்வு. பி.எட். பாடத்தில் வருவது அறிவுரை பகர்தல். கவுன்சில்தான் இன்னும் தடுமாறுகிறது.

புதுச்சேரிக்கு இந்தச் சொல் வேறு வாசல் வழியாக வந்தது. 1701இல் பதினான்காம் லூயியின் ஆணைப்படி அங்கே அமைந்த ஆட்சிக் குழுவைப் பிரெஞ்சில் ‘கோன்செய்’ என்றார்கள். அது ‘கொன்சிலியும்’ வழி வந்த சொல். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவையும் கோன்செய்தான், ஆலோசனையும் கோன்செய்தான். கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயரில் ‘கொம்யூன்’ இன்றும் அங்கே புழங்குகிறது; கோன்செய் தங்கவில்லை. கவுன்சிலர் என்ற சொல்லும் கடலூரில் புழங்கும் அளவுக்கு அங்கே புழங்க வழியில்லாமல் போனது. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தானே. அப்புறம், காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கவுன்சில் என்றாலே மாணவர் கவுன்சில்தான் நினைவுக்கு வரும்.

தமிழில் என்ன போடுவது? அந்த மாணவி கேட்டதும் இதைத்தான். “மன்றம்னு போடலாமா சார்? சங்கம்னா பிரின்சிபால் ஒத்துக்க மாட்டாரு.”

அரசுப் பெயர்களைப் பார்த்தால் தலை சுற்றும். மாநில உயர்கல்வி மன்றம் ஒரு கவுன்சில். ஆசிரியர் கல்விக்கு அங்கீகாரம் தருகிற தேசிய அமைப்பும் கவுன்சில். அதைக் குழுமம் என்கிறோம். பள்ளிப் பாடநூலில் பார்க்கிற மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் ஆங்கிலப் பெயரில் கவுன்சில் உண்டு. தமிழில் அது நிறுவனமாகிவிட்டது. அமைச்சரவை, நகர்மன்றம், 1986இல் கலைக்கப்பட்ட சட்ட மேலவை எல்லாமே கவுன்சில்தான். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளிக்கிற இடத்தில் தமிழ் அந்த அமைப்பு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறது. மாணவர் அமைப்புக்கும் அப்படிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

மன்றம் மிகப் பழைய சொல். ஊருக்கு நடுவே மரத்தடியில் பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்த்த பொதுவிடம் அது. சிதம்பரத்துப் பொன்னம்பலத்தையும் மன்று என்பார்கள். கவுன்சிலுக்கு நேர்ச்சொல்லாக மன்றத்தைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கல்வியியல் கல்லூரிக்குள் போய்ப் பாருங்கள். தமிழ் மன்றம், அறிவியல் மன்றம், கணித மன்றம் என்று தகவல் பலகை நிறைந்திருக்கும். விருப்பம் உள்ளவர்கள் சேர்கிற அமைப்புகள் அவை. அவற்றின் நடுவே ‘மாணவர் மன்றம்’ என்று எழுதினால் இன்னொரு மன்றம் என்றுதான் படிப்பார்கள். எல்லோருக்கும் பொதுவான, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு என்பது தெரியாமல் போகும்.

சங்கத்துக்கும் சபைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எங்கள் மாவட்டத்து வடலூரே போதும். வள்ளலார் 1865இல் தொடங்கியது சன்மார்க்க சங்கம். 1872இல் எழுப்பியது சத்திய ஞான சபை. ஒரு கொள்கையை ஏற்றுச் சேர்ந்த மனிதர்கள் சங்கம். அவர்கள் கூடுகிற இடம் சபை. புதுச்சேரியில் சங்கம் என்றால் இன்னொரு நினைவும் வரும். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலைக்கும் சங்கம் வைக்கும் உரிமைக்கும் போராடிய ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டார்கள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அந்த வரலாறு சங்கத்துக்குக் கனம் தந்திருக்கிறது. மாணவர்கள் தாங்களாக, நிர்வாகத்துக்கு வெளியே அமைத்துக்கொள்வதற்குச் சங்கம் என்ற பெயரே பொருந்தும். பிரின்சிபால் ஒத்துக்கொள்வாரா என்று பார்த்து அந்தச் சொல்லைத் தவிர்க்கத் தேவையில்லை. கவுன்சிலுக்கு அதைப் போடாததற்கு, அது வேறு வகை அமைப்பு என்பதுதான் காரணம். இலங்கையில் இதற்கு மாணவர் ஒன்றியம் என்கிறார்கள். இங்கே ஒன்றியம் என்றால் ஊராட்சி ஒன்றியம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

நான் எழுதிக் கொடுத்தது பேரவை. பெருமை + அவை. ‘மை’ போய், முதலெழுத்து நீண்டு, பேரவை ஆகிறது. பண்புப்பெயர்ப் புணர்ச்சி நடத்தும்போது கரும்பலகையில் எழுதிக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அவை, ‘சபா’வின் திரிபு என்பார்கள் சிலர்; தமிழ்ச் சொல்லே என்பார்கள் சிலர். எப்படியானாலும் திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களுக்குப் பெயராகிற அளவுக்கு ஊறிய சொல். பேரவை என்றால் அசெம்பிளி அல்லவா என்று ஒரு நண்பர் மறுத்தார். சட்டமன்றத்தில் அப்படித்தான். கல்லூரிகளிலோ பேரவைத் தலைவர், பேரவைச் செயலர் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறோம். புழங்கித் தேய்ந்து மெருகேறிய சொல்லை அகராதிக் கணக்குக்காக மாற்றக் கூடாது.

இனி, எந்தத் துறை மாணவர் என்று காட்டப் பெயரின் முன்னால் வைக்கிற ‘கல்வி’. ‘கல்வி மாணவர் பேரவை’ என்றால் பொருளே நிற்காது; கல்வி கற்காத மாணவர் யார்? கல்வியைப் பற்றிப் படிக்கிற துறை கல்வியியல். அந்த ‘இயல்’ இருந்தால்தான் பொருள் சரியாகிறது. எனவே கல்வியியல் மாணவர் பேரவை. முதுநிலை மாணவர்களுக்குத் தனி அமைப்பு இருக்கும் பல்கலைக்கழகத்தில் ‘கல்வியியல் இளநிலை மாணவர் பேரவை’.

இந்த ‘இளநிலை’யைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்து நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேர்கிறவர்களுக்கு அது அப்படியே பொருந்தும். பி.எட். பெயரளவில் இளநிலைப் பட்டம், ஆனால் சேர்வதற்கே ஒரு பட்டம் வேண்டும். என் வகுப்பில் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. 2006இல் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு மாணவர் தேர்தலில் நிற்க விதித்த வயது இளநிலைக்கு 17 முதல் 22 வரை. நான்கைந்து ஆண்டுத் தொழிற்படிப்புகளுக்குத் தளர்த்தலாம் என்றும் சொன்னது. முப்பது வயதில் பி.எட். படிக்கிற பெண்ணை அந்தக் குழு நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுத 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 70 தாண்டியிருக்கக் கூடாது. அங்கே அனுபவம் தகுதி. ஆசிரியராகப் போகிறவர்களின் பேரவைக்கு அந்தப் பார்வை கொஞ்சம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். இரண்டாண்டு பி.எட்.டில் இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிப் பயிற்சி. மூத்த மாணவர்கள் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர் என்று ஆளுக்கொரு பள்ளிக்குப் போய்விடுவார்கள். பேரவைத் தலைவர் இரண்டாம் ஆண்டு என்றால் கூட்டம் போட ஆள் இருக்காது. துணைத் தலைவரையாவது முதலாண்டிலிருந்து எடுப்பது நல்லது. வகுப்புக்கு ஒருவராக வருகிற ‘ரெப்’புக்குப் பேராளர் என்று போடலாம், பேரவையோடு ஓசையும் இயைகிறது.

அந்த மெய்ப்பில் ‘கல்வியியல் மாணவர் பேரவை – தொடக்க விழா’ என்று திருத்தித் தந்தேன். கீழே ‘பேரவை தலைவர்’ என்று இருந்ததில் ஒரு ‘த்’ சேர்த்தேன். ‘பேரவை செயலர்’ என்ற இடத்தில் ‘ச்’சை அந்த மாணவியே சேர்த்துவிட்டு, பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.