டஞ்சனுக்குள் அயல் உருவாவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் இரவு 8.30 மணி. லண்டனில் அப்போது கோடைகாலப் பின்னேரம் 4 மணி, ரொறன்ரோவில் முற்பகல் 11 மணி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டு அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒன்லைன் கேம் விளையாடும் ஒருவன், "பொறு மச்சான், ஹீலருக்கு மானா முடிஞ்சுது, இப்ப இழுக்காதை" என்கிறான். ஹீலர் என்பவர் குழுவின் காயம் ஆற்றுபவர், மானா அவருடைய மந்திரசக்தி. ரொறன்ரோ மச்சான் அதற்குள் பூதத்தைச் சண்டைக்கு இழுத்துவிட்டான். ஐந்து பேரும் கேமுக்குள் செத்து, டஞ்சன் என்கிற பூதக்குகையின் வாசலிலிருந்து திரும்ப நடந்து வருகிறார்கள். கதை தொடங்குவது அந்த நடையில்தான்: யாரில் பிழை, அடுத்தமுறை யார் முன்னுக்குப் போவது, அம்மம்மாவுக்கு இப்ப சுகமோ.

சொந்தக்காரர் கூடி விளையாடுவதில் வியப்பில்லை. முன்பின் தெரியாதவர்களையும் சில கேம்கள் இப்படி அயலவர் ஆக்கிவிடுகின்றன. சில கேம்களில் வருடக்கணக்காக விளையாடினாலும் ஒரு பெயர்கூட மனதில் நிற்பதில்லை. இந்த வித்தியாசத்துக்குப் பெரும் காரணம், கேமின் உலகை நடத்தும் கணினியான சேர்வர் கட்டப்பட்ட விதம்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் ட்ரப்ஷோவும் றிச்சர்ட் பார்ட்டிலும் 1978இல் தொடங்கிய 'மட்', எழுத்துகளால் மட்டும் ஆன உலகம். உள்ளே வந்த எல்லோருக்கும் அது பொது. 1999 மார்ச்சில் வெளியான எவர்குவெஸ்ட் அத்தகைய உலகை முப்பரிமாணத்தில் காட்டியது. அங்கே ஒரு சேர்வரில் இருந்த அத்தனை பேருக்கும் அதே குகைதான், அதே பூதம்தான். ஒரு குழு பூதத்தைக் கொன்றால், அது மறுபடி முளைக்கும்வரை மற்றவர்கள் காத்துக் கிடக்கவேண்டும். மந்திரக்காரரின் மானா ஏறும்வரை நிலத்தில் குந்தியிருக்கவேண்டும். செத்தால் உடைமையெல்லாம் பிணத்தோடு குகைக்குள்ளேயே கிடக்கும்; அதை மீட்க யாரையாவது மன்றாடிக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். உயிர்தப்ப வாசலுக்கு ஓடுபவரைப் பூதக்கூட்டம் துரத்திவந்து, அங்கே நிற்பவர்கள் மேலும் பாயும். அதனால் ஓடுபவர் "ட்ரெயின்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்துவது அங்கே மரியாதை.

எந்த மூலையை யார் பிடித்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். களைத்துப் போகிறவர் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். இதெல்லாம் நிரலில் எழுதப்பட்ட விதி இல்லை, விளையாடியவர்களே வகுத்துக்கொண்டது. எங்கள் தோட்டங்களில் பங்குக்கிணறு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கிணறு ஒன்று, பங்காளர் பலர். இன்றைக்கு யாருடைய இறைப்புமுறை என்பது அவர்களுக்குத் தெரியும், முறைதப்பினால் அயல் சும்மா விடாது. சுவிற்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் நாடுகளின் பாசன வாய்க்கால்களையும் ஆராய்ந்து எலினோர் ஒஸ்ட்ரோம் 1990இல் எழுதியதும் இதையே: பங்காளர் யார் என்பது தெளிவாக இருந்து, அவர்களே கண்காணித்து, சிறு தவறுக்குச் சிறு தண்டனையும் தொடர்ந்து செய்பவருக்குப் பெரிய தண்டனையும் கொடுத்தால் பொதுச்சொத்து அழியாது. 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. எவர்குவெஸ்ட்டில் பெரிய தண்டனை, பெயர் கெடுவது. களவாக மூலை பிடித்தவரின் பெயர் சேர்வர் முழுக்கப் பரவும். பிறகு அவரை யாரும் குழுவில் சேர்க்கமாட்டார்கள்.

ஆனால் கூட்டம் பெருகினால் கணினி திணறும். ஒருவர் அசைந்தால், பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் சேர்வர் அதை அறிவிக்கவேண்டும். 5 பேரும் அசைந்தால் 5×4, அதாவது 20 செய்தி. 40 பேருக்கு 1,560. ஒரே வாசலில் 200 பேர் குவிந்தால் 39,800, அதுவும் ஒரு செக்கனுக்குப் பல தடவை. ஆள் ஐந்து மடங்கானால் வேலை ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு. இதற்கும் காத்திருப்புச் சண்டைக்கும் சேர்த்துக் கிடைத்த மருந்துதான் 'இன்ஸ்டன்ஸ்': ஒரு குழு வாசலைக் கடந்ததும் சேர்வர் அந்தக் குகையின் புதுப் பிரதியை அவர்களுக்கு மட்டும் திறந்து கொடுக்கும். 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் இதைப் பெரும் அளவில் செய்தது. வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் மட்டும் விளையாடக் கிடைப்பவருக்கு இது பெரிய நீதி. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆள் சேர்ப்பதும் அப்போது சொந்தச் சேர்வருக்குள்தான் நடந்தது.

என் பார்வையில் உறவு அறுந்தது 2009 டிசம்பரில். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் அன்று வந்த வசதி, பல சேர்வர்களில் இருந்து ஆட்களைத் தானாகக் கோத்து, நேரே குகைக்குள் இறக்கிவிட்டது. வேலை முடிந்ததும் ஐவரும் ஐந்து திசை. மறுபடி மறுபடி சந்திக்கும் வாய்ப்பு இருந்தால்தான் ஒத்துழைப்பு நிலைக்கும் என்று அரசறிவியலாளர் றொபேர்ட் அக்செல்றொட் 1984இல் கணினிப் போட்டிகளின் முடிவுகளை வைத்து விளக்கியிருந்தார். நாளைக்குக் காணப்போகாத ஒருவருக்காகப் பொறுமை காட்ட ஆட்டக்காரருக்கு என்ன தேவை? அந்த வசதி இல்லாத பழைய வடிவத்தை 2019இல் நிறுவனமே திரும்ப வெளியிட்டபோது, அதைத் தேடிப் பலர் வந்தார்கள்.

எங்கள் பெடியள் கைபேசியில் விளையாடும் பப்ஜியும் பிரதி உலகம்தான். 100 பேர் வரை இறங்குவார்கள், ஆட்டம் முடிய அந்த உலகமும் முடியும். அவர்களுடைய அயல் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. விளையாட்டு கொடுக்காததை அவர்கள் வெளியே கட்டிக்கொண்டார்கள்.

2012இல் வந்த கில்ட் வோர்ஸ் 2 வேறொரு வழியைப் பிடித்தது. பொதுவெளியில் பூதத்தை எத்தனை பேர் சேர்ந்து அடித்தாலும், பங்களித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பரிசு. விழுந்து கிடப்பவரை வழியில் போகும் எவரும் எழுப்பலாம். புதிதாக ஒருவர் வந்தால் பங்கு குறையாது, கை கூடும். 2014இல் அங்கே தனித்தனிச் சேர்வர்களாக இருந்த பொதுவெளியை ஒன்றாக்கி, ஆள் கூடும்போது பிரதிகள் திறக்கும் முறை வந்தது. உங்களை எந்தப் பிரதிக்குள் விடுவது என்று தீர்மானிக்கும்போது, உங்கள் குழுவும், கில்ட் என்கிற ஆட்டக்காரர் சங்கமும் எங்கே நிற்கின்றன, நீங்கள் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பதையும் அந்தச் சேர்வர் கணக்கில் எடுக்கிறது.