ஃபீட்-இன் டாரிஃப்: கட்டணமா, கொள்விலையா?

எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மொட்டைமாடியில் சூரியத் தகடுகள் போட்டிருக்கிறார். வீட்டு வாசலில் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு இருதிசை மீட்டர் மாட்டியிருக்கிறார்கள். அதன் சின்னத் திரையில் இரண்டு கணக்குகள் மாறி மாறி வரும். ஒன்று வெளியிலிருந்து வீட்டுக்கு வந்த யூனிட், மற்றது வீட்டிலிருந்து வெளியே போன யூனிட். போன மாதம் ஒரு கையேட்டைக் கொண்டுவந்து ஒரு வரியில் விரலை வைத்தார். ‘உட்செலுத்துக் கட்டணம்’ என்று அச்சிட்டிருந்தது. “தம்பி, கரண்ட்டையும் நான் கொடுத்து, அதற்குப் பணமும் நானே கட்ட வேண்டுமா?” என்று கேட்டார்.

அவர் படித்ததில் பிழையில்லை. அந்த வரி ‘ஃபீட்-இன் டாரிஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. ஃபீட்-இன் டாரிஃப் என்பது, வீட்டிலோ காற்றாலையிலோ உண்டாக்கிய மின்சாரத்தைப் பொதுக் கட்டமைப்புக்குள் அனுப்புகிறவருக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படும் விலை. பணம் அவர் கைக்கு வருகிறது. கட்டணம் என்ற சொல்லோ ‘கட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுகிறோம், மின்வாரியத்தில் கட்டுகிறோம். கட்டணம் என்றாலே நம் கையை விட்டுப் போகும் பணம். மொழிபெயர்த்தவர் ஒரு சொல்லைப் பெயர்க்கப் போய்ப் பணம் போகும் திசையையே மாற்றிவிட்டார்.

குழப்பத்தின் வேர் டாரிஃப் என்ற சொல்லில் இருக்கிறது. அது அரபு மொழியின் ‘தஅரீஃப்’. அறிவித்தல், தெரியப்படுத்துதல் என்று பொருள். துறைமுகத்தில் எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று தெரியப்படுத்தும் பட்டியலின் பெயராக அது இத்தாலிய வணிகர்களிடம் ‘தாரிஃபா’ ஆகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனது. ஸ்பெயினின் தென்முனையில் உள்ள தாரிஃபா என்ற ஊரில் சுங்கம் வாங்கியதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கதை. அந்த ஊர் தாரிஃப் என்ற படைத்தலைவரின் பெயரால் வழங்குவது. இந்தியில் பாராட்டைக் குறிக்கும் ‘தாரீஃப்’ இருக்கிறதே, அதுதான் நம் சொல்லின் உடன்பிறப்பு. ஒருவரைப் பற்றிப் பிறருக்குத் தெரியப்படுத்துவது அங்கே புகழ்ச்சியாகிவிட்டது.

ஆகவே டாரிஃபுக்குத் திசை கிடையாது. விடுதி அறையின் வாடகைப் பட்டியலும் டாரிஃப், இறக்குமதி வரியும் டாரிஃப். இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 62-ஆம் பிரிவில், மின்நிலையம் பகிர்மான நிறுவனத்துக்கு விற்கும் விலையும் டாரிஃப்தான், நாம் வீட்டுக்குக் கட்டுவதும் டாரிஃப்தான். ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளித்துக்கொள்கிறது. தமிழில் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது நாம் ஏன் அந்தக் குறையைச் சுமக்க வேண்டும்?

இந்தத் திட்டத்தைப் பெரிதாக வளர்த்தெடுத்தது ஜெர்மனி. அங்கே இதன் பெயர் ‘ஐன்ஷ்பைசஃபெர்கூட்டுங்’. ‘ஷ்பைச’ என்றால் உணவு. முன்பாதிக்கு உள்ளே ஊட்டுதல் என்று பொருள். பின்பாதிக்குக் கொடுத்ததற்கு ஈடான ஊதியம் என்று பொருள். டாரிஃப் என்ற பேச்சே அதில் இல்லை. 1990-இல் நிறைவேறி 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்துக்கான சட்டத்துக்காக, பழமைவாதக் கட்சியைச் சேர்ந்த மத்தியாஸ் எங்கெல்ஸ்பெர்கரும் பசுமைக் கட்சியைச் சேர்ந்த வோல்ஃப்காங் டேனியல்ஸும் சேர்ந்து உழைத்தார்கள். பவாரியா மாநிலத்தின் ஆற்றங்கரைகளில் சிறு நீர்மின் நிலையம் வைத்திருந்தவர்களுக்கும் அதில் அக்கறை இருந்தது. பெரிய மின் நிறுவனங்கள் இவர்களுடைய மின்சாரத்தைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்றது சட்டம். காற்று, சூரிய மின்சாரத்துக்கு, நுகர்வோரிடமிருந்து கிடைக்கும் சராசரி வருவாயில் 90 விழுக்காடாவது கொடுக்க வேண்டும். 2000-இல் வந்த அடுத்த சட்டம் விலையை 20 ஆண்டுகளுக்கு உறுதிசெய்தது. சூரிய மின்சாரத்துக்கு அன்றைய விலை யூனிட்டுக்கு 99 ஃபென்னிக், அதாவது அன்றைய ஜெர்மன் பணத்தில் கிட்டத்தட்ட ஒரு மார்க். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அது ஆண்டுக்கு ஆண்டு குறையும்.

அந்தப் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து வரவில்லை. மின் நுகர்வோரின் பில்லில் யூனிட்டுக்கு இத்தனை சென்ட் என்று பகிர்ந்து வசூலித்தார்கள். 2017-இல் அது 6.88 சென்ட் வரை ஏறியது. மின்சாரத்தை வாரி விழுங்கும் பெருந்தொழிற்சாலைகள் பலவற்றுக்குச் சலுகை கொடுத்ததால், பாரத்தில் பெரும்பகுதி வீடுகளின் தலையிலும் சிறு கடைகளின் தலையிலும் விழுந்தது. அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். விலையை உறுதிசெய்தது சரி, பங்கு பிரித்த விதம்தான் தவறு. 2022 ஜூலையில் அந்த வசூலை நிறுத்தி, செலவை அரசே ஏற்றுக்கொண்டது.

இதை மானியம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஜெர்மனியின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கச் சொன்னது அப்படிப்பட்ட அரசு உதவியா என்ற வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அரசின் நிதியிலிருந்து கொடுக்கப்படாததால் அது அரசு உதவி ஆகாது என்று 2001 மார்ச்சில் தீர்ப்பு வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஊட்டு’ ஜெர்மன் சொல்லுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் மின்னூட்டம் என்ற சொல்லை நம் பள்ளிப் பாடநூல்கள் ஏற்கெனவே இயற்பியலில் வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டன. ‘மின்னூட்டு விலை’ என்றால் பத்தாம் வகுப்பு மாணவர் தடுமாறுவார். ‘மின்னளிப்பு வீதம்’ அலுவலகக் கோப்பைத் தாண்டி வெளியே வராது.

நமக்கு வேண்டிய சொல் நெல் கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறது. மூட்டையை எடை போட்டு, குவிண்டாலுக்கு இவ்வளவு என்று விவசாயிக்குக் கொடுக்கிறார்களே, அது கொள்முதல் விலை. பால்காரருக்கும் அதே சொல்தான். விளைவித்தவர் விற்கிறார், வாங்க வேண்டியவர் அறிவித்த விலைக்கு வாங்குகிறார். மின்சாரத்திலும் நடப்பது இதுவே. ஆகவே ‘மின் கொள்விலை’ என்பேன். 20 ஆண்டு உறுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘உறுதிக் கொள்விலை’.

தமிழ்நாட்டில் இந்தக் கொள்விலையை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்து வந்தது. 2014-இல் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று ஆணையிட்டது. கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் மின்சாரம் விற்க ஒப்பந்தம் போட்டது இந்த விலைக்கு. 2017-இல் காற்றாலைகளுக்கு ஏலம் வந்தபோது கேட்கப்பட்ட குறைந்த விலை 3 ரூபாய் 42 காசாக இருந்தது. ஏலத்தில் கேட்டு முடிவாகும் அதைக் கொள்விலை என்று எழுதக் கூடாது, ஏலவிலை என்று எழுத வேண்டும்.

நெட் மீட்டரிங் வேறு. அதில் கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் கணக்குப் பார்ப்பார்கள். அதற்குக் ‘கழிவுக் கணக்கு’ போதும்.

ஆசிரியர் கையேட்டை வாங்கி, கட்டணம் என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே கொள்விலை என்று எழுதிக்கொண்டார். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார்: “எவ்வளவு தருவார்கள் தம்பி?”