மாத்திரையை இரட்டிப்பாக்கினால் வைட்டமின் டி அளவும் இரட்டிப்பாகுமா?

"மூன்று வாரமாகத் தினமும் 1,000 யூனிட் போடுகிறேன், ரிப்போர்ட்டில் மூன்று நான்கு புள்ளிதான் ஏறியிருக்கிறது" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. மாத்திரையைக் குறை சொல்ல வேண்டாம். சோதித்ததுதான் சீக்கிரம்.

நாம் விழுங்கும் டி3 (மாத்திரையில் இருக்கும் வைட்டமின் டி வகை) கல்லீரலுக்குப் போய் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்ற பொருளாக மாறுகிறது. லேப்பில் அளப்பது இதைத்தான். சிறுநீரகம் இதிலிருந்து செய்யும் கடைசி வடிவம்தான் உடலில் வேலை செய்கிறது. ஆனால் அதை உடலே கட்டுக்குள் வைத்திருப்பதால், இருப்பு எவ்வளவு என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ரத்தத்தில் இருக்கும் 25-ஹைட்ராக்ஸியில் பாதி கரைய இரண்டு மூன்று வாரம் ஆகும். அடியில் சின்ன ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் மட்டம் ஏறும். ஏற ஏற ஓட்டை வழியே ஒழுகுவதும் கூடும். ஒரு கட்டத்தில் வரவும் ஒழுக்கும் சரிக்குச் சரியாகி மட்டம் நின்றுவிடும். வைட்டமின் டி அப்படி நிலைக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். மூன்றாவது வாரத்தில் பார்த்தால் பாதி வழிதான்.

சரி, கடைசியில் எவ்வளவு ஏறும்? அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ராபர்ட் ஹீனி குழுவினர் 67 ஆண்களுக்குக் குளிர்காலத்தில், வெயில் பங்கு சேராத சமயமாகப் பார்த்து, சுமார் 20 வாரம் டி3 கொடுத்தார்கள். சிலருக்குத் தினம் 1,000 யூனிட், சிலருக்கு 5,000, சிலருக்கு 10,000, சிலருக்கு ஒன்றுமில்லை. 2003-ல் வெளிவந்த கணக்குப்படி, 1,000 யூனிட்டுக்கு மில்லிலிட்டருக்கு சுமார் 7 நானோகிராம் ஏறுகிறது. 15-ல் இருப்பவர் 22-ஐத் தொடலாம். அவரே 2,000 போட்டால் ஏற்றம்தான் இரட்டிக்கும். மொத்த அளவு 30-க்குப் பக்கம் வரும், 44 ஆகிவிடாது. (சில ரிப்போர்ட்டுகளில் நானோமோல் கணக்கு இருக்கும். அதை 2.5-ஆல் வகுத்துவிட்டுப் பயப்படுங்கள்.)

இது சராசரிதான். ஆரம்ப அளவு குறைவாக இருப்பவருக்கு ஏற்றம் அதிகம். உடல் பருமன் உள்ளவருக்கு அதே மாத்திரையில் ஏற்றம் குறைவு. கொழுப்பில் கரையும் வைட்டமின், பெரிய உடலில் பரந்து போகிறது. வெறும் வயிற்றில் போடுவதைவிடச் சாப்பாட்டோடு போட்டால் நன்றாகச் சேரும்.

அளவு ஏறவில்லை என்று தானாகவே டோஸைக் கூட்டுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. மருத்துவர் சொல்லாமல் பெரியவர்கள் தினம் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. பல மாதம் மிக அதிகமாகப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நம் ஊரில் எழுதித்தரும் வாரம் ஒரு 60,000 யூனிட்டும் இதே தொட்டிக் கணக்குதான். தினக்கணக்கில் அது 8,500-க்கும் மேல். தொட்டியைச் சீக்கிரம் நிரப்ப, பெரும்பாலும் எட்டு வாரம் மட்டும் தருவார்கள். அதோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால், ஓட்டை அடைபடவில்லையே, மட்டம் மெல்ல இறங்கிவிடும். அதனால்தான் அப்புறம் தினமும் ஒரு சின்ன டோஸைத் தொடரச் சொல்கிறார்கள்.